மாஸ்டர்ஸ் கோல்ஃப் போட்டியை நேரில் பார்க்க: ஜூன் முதல் ஏப்ரல் வரை செய்ய வேண்டியவை

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், ஆகஸ்டா என்ற ஊரில், ஒவ்வோர் ஏப்ரலிலும் மாஸ்டர்ஸ் கோல்ஃப் போட்டி நடக்கிறது. அதை நேரில் பார்க்க ஆசைப்படும் பலர் பிப்ரவரியில்தான் டிக்கெட் தேடத் தொடங்குகிறார்கள். விண்ணப்பக் கதவு மூடி அப்போது எட்டு மாதம் ஆகியிருக்கும். மிஞ்சியிருப்பது கள்ளச்சந்தையும், அதில் உட்கார்ந்திருக்கும் தரகர்களும்தான். கோல்ஃப் விதிகள் தெரியாமல் போனால்கூடச் சமாளித்துவிடலாம்; தேதிகள் தெரியாமல் போனால் ஒன்றும் செய்ய முடியாது. இந்தத் தேதிகளையும் செலவுகளையும் நான் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பொறுக்கிச் சேர்க்க வேண்டியிருந்தது. உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்பதால் எல்லாவற்றையும் வரிசையாக எழுதுகிறேன்.

1. எந்த நாளுக்குப் போவது என்று முதலில் முடிவு செய்யுங்கள்

போட்டி ஏப்ரல் மாதத்தின் முதல் முழு வாரத்தில் நடக்கும். திங்கள், செவ்வாய், புதன் மூன்றும் பயிற்சி நாட்கள். வியாழன் முதல் ஞாயிறு வரை நான்கும் போட்டி நாட்கள். ஒவ்வொரு நாளுக்கும் தனித்தனி டிக்கெட்.

ஞாயிறுதான் வேண்டும் என்று எல்லோருக்கும் தோன்றும். புதியவர்களுக்கு நான் பயிற்சி நாளைத்தான் சொல்வேன், அதற்குக் காரணங்கள் உண்டு. டிக்கெட் விலை குறைவு. ஒரே விண்ணப்பத்தில் நான்கு டிக்கெட் வரை கேட்கலாம். போட்டி நாளுக்கு இரண்டுதான். கேமரா கொண்டு போகலாம். வீரர்களும் இறுக்கமில்லாமல் இருப்பார்கள், ஒரே இடத்திலிருந்து இரண்டு மூன்று பந்துகள் அடித்துப் பார்ப்பார்கள். கோல்ஃபில் குழி என்றால், பந்தை அடிக்கத் தொடங்கும் இடத்திலிருந்து அது விழ வேண்டிய பள்ளம் வரையிலான பாதை முழுவதும். 16-ஆம் குழியில் கூட்டம் குரல் கொடுத்துக் கேட்டால், பந்தைக் குளத்து நீரின்மேல் தத்தித் தத்திப் போகும்படி அடித்துக் காட்டுவார்கள். போட்டி நாளில் இதெல்லாம் கிடையாது.

புதன்கிழமைக்கு ஒரு தனிக் கணக்கு இருக்கிறது. அன்று நண்பகலில், ஒன்பது குழிகள் கொண்ட சிறிய மைதானத்தில் பார் 3 போட்டி (ஒவ்வொரு குழியையும் மூன்று அடியில் முடிப்பது கணக்கு) தொடங்கும். வீரர்களின் மனைவியரும் குழந்தைகளும் மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு கூட நடப்பார்கள். பார்க்க மிக இனிமையானது. ஆனால் பெரும்பாலான வீரர்கள் அங்கே போய்விடுவதால், மதியத்துக்குமேல் பெரிய மைதானம் வெறிச்சோடிவிடும். முன்னணி வீரர்கள் பெரிய மைதானத்தில் ஆடுவதைப் பார்ப்பதுதான் நோக்கம் என்றால் செவ்வாய் நல்லது. குழந்தைகளோடு போகிறவர்களுக்குப் புதன்.

போட்டி நாள்தான் வேண்டும் என்றால் வியாழனையோ வெள்ளியையோ தேர்ந்தெடுங்கள். வெள்ளி ஆட்டம் முடிந்ததும் முதல் 50 இடங்களில் இருப்பவர்களும் 50-ஆம் இடத்தைச் சமமாகப் பகிர்ந்துகொண்டவர்களும் மட்டுமே தொடர்வார்கள். உங்களுக்குப் பிடித்த வீரர் சனிக்கிழமை ஆடுவார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. முதல் இரண்டு நாட்களில் எல்லோரையும் பார்த்துவிடலாம்.

2. ஜூன் 1 முதல் ஜூன் 20 வரை: விண்ணப்பம்

அடுத்த ஆண்டு ஏப்ரலுக்கான விண்ணப்பத்தை இந்த ஆண்டு ஜூன் மாதம் 1 முதல் 20 வரை மாஸ்டர்ஸ் இணையதளத்தில் வாங்கிக்கொள்வார்கள். டிக்கெட் குலுக்கல் முறையில் கிடைக்கும். முதல் நாளே விண்ணப்பித்தவருக்கும் கடைசி நாள் விண்ணப்பித்தவருக்கும் வாய்ப்பில் வித்தியாசம் இல்லை. அதனால் நள்ளிரவில் விழித்திருந்து பொத்தானை அழுத்த வேண்டியதில்லை. அதற்காகக் கடைசி நாள் வரை தள்ளிப்போடவும் வேண்டாம்.

கவனிக்க வேண்டியவை:

விண்ணப்பிப்பவருக்கு 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். கட்டணம் எதுவும் இல்லை. விண்ணப்பத்துக்கே பணம் கேட்கும் தளம் எதுவாக இருந்தாலும் அது போலி, உடனே வெளியேறிவிடுங்கள்.

ஒருவருக்கு ஒரு விண்ணப்பம்தான். வேறு வேறு மின்னஞ்சல் முகவரிகளில் ஒரே ஆள் பல விண்ணப்பம் போட்டால் அவை கழித்துக்கட்டப்படும்.

எல்லா நாட்களையும் குறியிடலாம். குலுக்கலில் விழுவது அதிகபட்சம் ஒரு நாள்தான். ஆகவே பயணம் செய்ய முடிகிற எல்லா நாட்களையும் குறிப்பிடுவதே புத்திசாலித்தனம். ஒரே நாளை மட்டும் குறித்துவிட்டுக் காத்திருப்பது வாய்ப்பை நீங்களே குறுக்கிக்கொள்வது.

பெயரைக் கடவுச்சீட்டில் இருப்பதுபோலவே எழுதுங்கள். தமிழர்களுக்கு இது எப்போதும் தலைவலி. ஒரு ஆவணத்தில் முதலெழுத்து, இன்னொன்றில் தந்தை பெயர் முழுதாக, மூன்றாவதில் முன்பின்னாக. விசா, விமானச்சீட்டு, டிக்கெட் மூன்றிலும் ஒரே வடிவம் இருந்தால் எந்தக் கேள்வியும் வராது.

மின்னஞ்சலை அடிக்கடி பார்க்கும் முகவரியாகக் கொடுங்கள். பதில் வரும்போது அது குப்பை அஞ்சல் பெட்டியில் கிடக்க வாய்ப்பு உண்டு.

3. ஜூலை இறுதி: பதில் வரும், உடனே பணம் கட்டுங்கள்

குலுக்கல் முடிவு பொதுவாக ஜூலை மாதக் கடைசியில் மின்னஞ்சலில் வரும். பெரும்பாலோருக்குக் கிடைக்கவில்லை என்ற பதில்தான் வரும். மனம் தளர வேண்டாம். கிடைத்தால், குறிப்பிட்ட கெடுவுக்குள் பணம் கட்ட வேண்டும். கெடு தாண்டினால் டிக்கெட் போய்விடும்.

2025 போட்டிக்குப் பயிற்சி நாள் டிக்கெட் 100 டாலர், போட்டி நாள் டிக்கெட் 140 டாலர். அதற்குப் பிறகு விலையைக் கூட்டியிருக்கிறார்கள். கூட்டிய பிறகும், இந்த அளவு பெயர் பெற்ற விளையாட்டுப் போட்டிக்கு இது மலிவு என்றே சொல்வேன்.

4. மறுவிற்பனை டிக்கெட் என்னும் பொறி

குலுக்கலில் கிடைக்காதவர்கள் அடுத்து விழும் குழி இது. ஆகஸ்டா நேஷனல் கோல்ஃப் கிளப் மட்டுமே டிக்கெட் விற்க உரிமை உள்ள இடம். வேறு யாரிடம் வாங்கினாலும் அது கிளப்பின் விதிக்கு எதிரானது. கண்டுபிடித்தால் டிக்கெட்டைச் செல்லாததாக்கிவிடுவார்கள். அந்த டிக்கெட்டை முதலில் வாங்கியவரும் இனி விண்ணப்பிக்க முடியாமல் போகலாம்.

தரகர்கள் ஒரு நாள் டிக்கெட்டுக்கு ஆயிரக்கணக்கான டாலர் கேட்பார்கள். வழி கேட்டு நான் எழுதிய ஒரு தரகு நிறுவனம் ‘முழு உத்தரவாதம்’ என்று பதில் அனுப்பியது. உத்தரவாதம் எதற்கு என்று குடைந்து கேட்டதும்தான் விஷயம் வெளியே வந்தது: வாயிலில் திருப்பி அனுப்பப்பட்டால் டிக்கெட் பணம் மட்டும் திரும்ப வரும், விமானச்சீட்டும் அறை வாடகையும் உங்கள் கணக்கு. பெருங்கடலைத் தாண்டி வருகிறவர்களுக்கு இது பொருந்தாத சூதாட்டம்.

பணம் பொருட்டில்லை என்பவர்களுக்குக் கிளப்பே நடத்தும் விருந்தோம்பல் ஏற்பாடு ஒன்று இருக்கிறது. மேப் அண்டு ஃபிளாக் என்ற பெயரில் 2024-இல் தொடங்கினார்கள். அப்போது வாரம் முழுவதற்குமான கட்டணம் ஏறத்தாழ 17,000 டாலர் என்று செய்திகள் வந்தன. சட்டப்படியானது, முறையானது. நம்மில் பெரும்பாலோருக்கு எட்டாதது.

5. விசா: குலுக்கலுக்கு முன்பே தொடங்குங்கள்

உங்களிடம் எந்த நாட்டுக் கடவுச்சீட்டு இருக்கிறது என்பதைப் பொறுத்து இது மாறும்.

இந்தியா, இலங்கை, மலேசியா கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு பி-2 பார்வையாளர் விசா தேவை. டிஎஸ்-160 படிவத்தை இணையத்தில் நிரப்பி, 185 டாலர் கட்டணம் கட்டி, தூதரகத்தில் நேர்காணலுக்கு நாள் வாங்க வேண்டும். விசா மறுக்கப்பட்டாலும் கட்டணம் திரும்ப வராது. நேர்காணல் நாளுக்கான காத்திருப்பு ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் மாறும். இந்திய நகரங்களில் பல மாதங்கள் ஆவது சாதாரணம். ஜூலையில் டிக்கெட் கிடைத்த பிறகு விண்ணப்பித்தால் ஏப்ரலுக்குள் வேலை முடியலாம், முடியாமலும் போகலாம். எப்படியும் அமெரிக்கா போகும் எண்ணம் இருந்தால் விசாவை முதலில் வாங்கிவிடுங்கள். நீண்ட காலம் செல்லுபடியாகும் விசா கையில் இருந்தால் ஆண்டுதோறும் குலுக்கலில் நிம்மதியாகக் கலந்துகொள்ளலாம்.

சிங்கப்பூர், பிரிட்டன், ஆஸ்திரேலியா போன்ற நாடுகளின் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு எஸ்டா என்ற இணைய அனுமதி போதும். 2025 செப்டம்பர் இறுதியிலிருந்து கட்டணம் 40 டாலர். இதிலும் போலித் தளங்கள் உண்டு. அமெரிக்க அரசின் தளத்தில் மட்டும் விண்ணப்பியுங்கள். கனடா குடிமக்களுக்கு இரண்டும் தேவையில்லை.

நேர்காணலில் ‘எதற்குப் போகிறீர்கள்’ என்று கேட்டால் கோல்ஃப் போட்டி பார்க்க என்று நேராகச் சொல்லலாம். டிக்கெட் உறுதியான மின்னஞ்சல் இருந்தால் அச்சிட்டு எடுத்துப் போங்கள். ஆனால் அதிகாரி பார்ப்பது நீங்கள் திரும்பி வருவீர்களா என்பதைத்தான். வேலை, வருமானம், குடும்பம் பற்றிய ஆவணங்களே அங்கே கனமானவை.

6. தங்குமிடமும் போக்குவரத்தும்

ஆகஸ்டா பெரிய ஊர் இல்லை. அந்த வாரம் அறை வாடகை பல மடங்கு ஏறும். குறைந்தது இத்தனை இரவு தங்க வேண்டும் என்ற நிபந்தனையும் வரும். உள்ளூர்ப் பள்ளிகளுக்கு அந்த வாரம் விடுமுறை. ஊர்க்காரர்கள் பலர் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு வெளியூர் கிளம்பிவிடுவார்கள். நான்கைந்து பேராகச் சேர்ந்து போனால் வீடு எடுப்பதே லாபம்.

ஒரே ஒரு நாள் டிக்கெட் வைத்திருப்பவர் ஆகஸ்டாவில் தங்கியே ஆக வேண்டும் என்பதில்லை. தென் கரோலினாவின் கொலம்பியா நகரம் ஏறத்தாழ 75 மைல் தூரம். ஐ-20 நெடுஞ்சாலையில் ஒன்றேகால் மணி நேரம். அங்கே வாடகை நியாயமாக இருக்கும். அதே மாநிலத்தின் எய்கன் என்ற ஊர் இன்னும் பக்கம், ஆனால் அங்கும் விலை ஏறியிருக்கும். அட்லாண்டா ஏறத்தாழ 145 மைல்; இரண்டு மணி நேரத்துக்கு மேல். பன்னாட்டு விமானங்கள் வந்திறங்கும் பெரிய நிலையம் அட்லாண்டாதான். அங்கே இறங்கி, வாடகைக் கார் எடுத்து, முந்தின நாளே பாதி வழி வந்து தங்கிவிடுவது நல்லது. ஆகஸ்டாவிலும் சிறிய விமான நிலையம் உண்டு. அந்த வாரம் அதற்கான விமானச்சீட்டு விலையைப் பார்த்தாலே கார் எடுக்கத் தோன்றும்.

டிக்கெட் கிடைத்த அன்றே அறையைப் பதிவு செய்யுங்கள், ரத்து செய்ய வசதி உள்ளதாகப் பார்த்து.

கார் நிறுத்த கிளப்பின் சொந்த இடங்கள் இருக்கின்றன, கட்டணம் இல்லை. வாஷிங்டன் சாலையோரம் பலகை பிடித்து நின்று வண்டி நிறுத்தப் பணம் கேட்பவர்களைக் கண்டு அதுதான் ஒரே வழி என்று நினைத்துவிட வேண்டாம். இலவச இடம் தேடிப் போக நேரம் வேண்டும் என்பதால் வாயில் திறப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே வந்துவிடுங்கள்.

7. கைப்பேசி இல்லாத ஒரு நாள்

எல்லாவற்றிலும் அதிகம் பேர் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான்.

ஏழு நாட்களில் எந்த நாளிலும் கைப்பேசிக்கு அனுமதி இல்லை. அணைத்துப் பையில் வைத்திருந்தாலும் இல்லை. மடிக்கணினி, டேப்லெட்டுக்கும் அப்படியே. உள்ளே கைப்பேசியோடு பிடிபட்டால் வெளியேற்றுவதோடு, டிக்கெட் பெறும் தகுதியையும் நிரந்தரமாகப் பறிப்பார்கள். ஸ்மார்ட் வாட்ச் பற்றி வாயிலில் வாதாடிக்கொண்டிருக்காமல், சாதாரணக் கைக்கடிகாரம் கட்டிப் போய்விடுங்கள். நேரம் பார்க்க ஏதாவது வேண்டுமே.

பயிற்சி நாளில் கேமரா கொண்டு போகலாம் என்றேன். கைப்பேசியின் கேமரா அதில் சேராது. தனிக் கேமரா வைத்திருப்பவர் இப்போது குறைவு. யாரிடமாவது இரவல் கேட்டு, முந்தின வாரமே இயக்கிப் பழகுங்கள். வியாழன் முதல் ஞாயிறு வரை கேமராவும் கூடாது.

இனி, கைப்பேசி இல்லாததால் வரும் கிளைச் சிக்கல்கள். வாடகை வண்டியை ஆப் மூலம் அழைத்து வருகிறவர்கள் வந்துவிடுவார்கள். மாலையில் திரும்ப வண்டி அழைக்கக் கைப்பேசி இருக்காது. சொந்தமாகக் கார் ஓட்டி வந்து, கைப்பேசியைக் காருக்குள் கண்ணில் படாதபடி வைப்பதே எளிய வழி. அது முடியாவிட்டால், வந்து அழைத்துப் போக ஓர் ஆளை நேரமும் இடமும் சொல்லி முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்கள்.

கார் நிறுத்திய வரிசை எண்ணைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். புல்வெளியில் ஆயிரக்கணக்கான கார்கள் நிற்கும். வாடகைக் கார்கள் பாதி ஒரே நிறம்.

அவசரத் தொலைபேசி எண்களையும் தாளில் எழுதிப் பையில் வையுங்கள். மைதானத்துக்குள் இலவசத் தொலைபேசிகள் இருக்கின்றன. எண் நினைவில் இருந்தால்தானே அதனால் பயன்?

கூட வருபவர்களோடு பிரிந்து போனால் எங்கே, எத்தனை மணிக்குச் சந்திப்பது என்று உள்ளே நுழையும்போதே பேசிவிடுங்கள். முதல் குழியின் ஃபேர்வே (குழியின் நடுவே நீளும் வெட்டிய புல்வெளி) பக்கத்தில் உள்ள பெரிய ஸ்கோர் பலகை எளிதில் கண்டுபிடிக்கக்கூடிய இடம். ‘பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று விட்டவர்கள் மாலை முழுவதும் ஆளைத் தேடி அலைவதைப் பார்க்கலாம்.

8. பையில் என்ன இருக்கலாம்

10 அங்குலம், 10 அங்குலம், 12 அங்குலம் என்ற அளவுக்கு மேற்பட்ட பைக்கு அனுமதி இல்லை. வெளி உணவும் பானமும் கூடாது. கைப்பிடி உள்ள மடக்கு நாற்காலியும் கூர்முனைக் கால் உள்ள நாற்காலியும் கூடாது. கொடி, பதாகை, ஏணி எதுவும் கூடாது.

கொண்டு போக வேண்டியவை: கடவுச்சீட்டு நகல், வங்கி அட்டை, தொப்பி, வெயில் களிம்பு, மெல்லிய மழைச் சட்டை. ஏப்ரல் காலையில் குளிரும், மதியம் நன்றாக வெயில் அடிக்கும், இடியுடன் மழையும் வரலாம். காலணிதான் மிக முக்கியம். தொலைக்காட்சியில் சமதளம்போலத் தெரியும் மைதானம் உண்மையில் மேடும் பள்ளமுமானது. 10-ஆம் குழி சரேலென்று இறங்கும். 18-ஆம் குழி மூச்சு வாங்க ஏறும். புதுக் காலணியோடு போகாதீர்கள். மூட்டு வலி உள்ள பெரியவர்களை அழைத்துப் போவதானால் எங்கே உட்காரவைப்பது என்று முதலிலேயே திட்டமிடுங்கள்.

9. காலை 7 மணி: வாயில் திறந்ததும்

உள்ளே ஓடக் கூடாது. உண்மையிலேயே கூடாது, ஓடினால் பாதுகாவலர் நிறுத்துவார். எல்லோரும் ஓட்டத்துக்கு ஒரு நூல் குறைவான வேகத்தில் நடப்பதைப் பார்க்கச் சிரிப்பாக இருக்கும், நீங்களும் அப்படித்தான் நடப்பீர்கள்.

முதலில் எதற்குப் போவது என்பதில் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்: நாற்காலி அல்லது கடை.

நாற்காலி ஏற்பாடு அழகானது. அனுமதிக்கப்பட்ட நாற்காலியை ஒரு கிரீன் (பந்து விழ வேண்டிய பள்ளத்தைச் சுற்றியுள்ள வழவழப்பான புல்தரை) அருகே போட்டு, உங்கள் பெயரட்டையைச் செருகிவிட்டுப் போய்விடலாம். மாலையில் திரும்பி வரும்வரை அந்த இடம் உங்களுடையது. யாரும் எடுக்க மாட்டார்கள். நீங்கள் இல்லாதபோது யாராவது உட்கார்ந்திருந்தால் கேட்டதும் எழுந்துவிடுவார்கள். அதே நாற்காலியைக் கிளப் கடையிலும் விற்கிறார்கள்.

கடையைப் பொறுத்தவரை, மாஸ்டர்ஸ் சின்னம் பொறித்த தொப்பியும் சட்டையும் அங்கே மட்டும்தான் கிடைக்கும், இணையத்தில் விற்பதில்லை. வரிசை நீளமானது, ஆனால் நகரும். தோட்டக் குள்ளன் பொம்மை வேண்டுமென்றால் காலையிலேயே போக வேண்டும், சீக்கிரம் தீர்ந்துவிடும். வாங்கியதைச் சுமந்துகொண்டு நாள் முழுவதும் நடக்க வேண்டாம். அங்கேயே பொட்டலம் கட்டி அனுப்பும் வசதி இருக்கிறது. என்னைக் கேட்டால், பயிற்சி நாளில் கடை முதலில், போட்டி நாளில் நாற்காலி முதலில்.

வாயிலருகே அன்றைய ஆட்ட நேரப் பட்டியலை இலவசமாகத் தருவார்கள். கட்டாயம் வாங்குங்கள். உள்ளே பெரிய திரைகள் கிடையாது. கையால் எண் மாற்றும் பலகைகள்தான். யார் எங்கே ஆடிக்கொண்டிருக்கிறார் என்பதற்கு அந்தத் தாளே துணை.

10. எங்கே நின்று பார்ப்பது

ஒருவரின் பின்னாலேயே 18 குழியும் நடப்பது கேட்க நன்றாக இருக்கும். முன்னணி வீரரைச் சுற்றி ஐந்தாறு வரிசை தலைகள் நிற்கும்போது பாதி நேரம் மட்டையின் மேல்முனைதான் தெரியும். காலையில் கூட்டம் குறைவாக இருக்கும்போது மைதானம் முழுவதையும் ஒரு சுற்று நடந்துவிட்டு, மதியம் ஓரிடத்தில் உட்காருங்கள்.

ஆமென் கார்னர் என்று பெயர் பெற்ற 11, 12, 13-ஆம் குழிகளுக்கு, 12-ஆம் டீயின் (அந்தக் குழியின் முதல் அடியை அடிக்கும் இடம்) பின்னால் உள்ள பார்வையாளர் மேடை நல்லது. 11-ஆம் கிரீனுக்கு வரும் அடியும், 155 கெஜ தூரமுள்ள 12-ஆம் குழியும் முழுதாகத் தெரியும். 12-ஆம் கிரீன் ஓடைக்கு அப்பால் இருக்கிறது, அங்கே பார்வையாளர்கள் போக முடியாது. வீரர்களும், அவர்களின் மட்டைப் பையைச் சுமக்கும் கேடிகளும் மட்டும் பாலத்தைக் கடந்து போய்விடுவதால், அந்தப் பக்கத்தில் நடப்பதைக் கூட்டமே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கும்.

புதியவர்களுக்கு நான் அதிகம் சிபாரிசு செய்வது 15, 16 குழிகளுக்கு அருகில் உள்ள பகுதி. 15-இல் நீரைத் தாண்டி அடிப்பதா வேண்டாமா என்ற தயக்கத்தைப் பார்க்கலாம்; சிறிது திரும்பினால் 16-இன் குளமும் கிரீனும். கோல்ஃப் அதிகம் தெரியாதவருக்கும் இங்கே நடப்பது புரியும்: பந்து தண்ணீரில் விழுந்தது, அல்லது விழவில்லை.

11. சாப்பாடு

வயிறு காலியாக வந்தாலும் பணப்பை காலியாகாது. பிமெண்டோ சீஸ் (சிவப்பு மிளகாய் கலந்த சீஸ்) சாண்ட்விச் ஒன்றரை டாலர், முட்டை சாலட் சாண்ட்விச்சும் ஒன்றரை டாலர், பீர் 6 டாலர், பீச் ஐஸ்கிரீம் சாண்ட்விச் 3 டாலர். 2025 நிலவரம் இது. சைவர்கள் பிமெண்டோ சீஸ் சாப்பிடலாம். ஆனால் அதில் மயோனைஸ் கலந்திருப்பதால் முட்டையும் வேண்டாம் என்பவர்கள் வெளியிலேயே வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வருவது நல்லது. சுவை பற்றி அங்கே போனவர்கள் காவியம் பாடுவார்கள். எனக்கு அது ஒன்றரை டாலருக்கு நல்ல சாண்ட்விச், அவ்வளவே.

12. மழை வந்தால்

இடி மின்னல் எச்சரிக்கை வந்தால் எல்லோரையும் வெளியேற்றுவார்கள். 2025 திங்கட்கிழமைப் பயிற்சி நாள் அப்படித்தான் காலையிலேயே முடிந்துபோனது. அன்று டிக்கெட் வைத்திருந்தவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தந்து, அடுத்த ஆண்டுக்கு வாங்கும் வாய்ப்பையும் கிளப் தந்தது. விமானச் செலவுக்கு யாரும் பொறுப்பில்லை. திரும்பும் விமானத்தை டிக்கெட் நாளன்று இரவுக்கே போடாமல் ஒரு நாள் இடைவெளி விடுங்கள்.

13. குலுக்கலில் கிடைக்கவே இல்லையென்றால்

மாஸ்டர்ஸ் வாரத்துக்கு முந்தைய சனிக்கிழமை, இதே மைதானத்தில் ஆகஸ்டா நேஷனல் பெண்கள் அமெச்சூர் (தொழில்முறையில் ஆடாதவர்களுக்கான) போட்டியின் இறுதிச் சுற்று நடக்கிறது. 2019-இல் தொடங்கியது. இதற்கும் முன்கூட்டியே தனியாக விண்ணப்பிக்க வேண்டும். பூக்கள், குழிகள், சாண்ட்விச், கைப்பேசித் தடை எல்லாம் அதேதான். உலகின் சிறந்த அமெச்சூர் பெண் வீரர்களின் ஆட்டத்தை அருகிலிருந்து பார்க்கலாம். மைதானத்தைப் பார்ப்பதே உங்கள் முதல் ஆசை என்றால் இதற்கும் பெயர் கொடுத்து வையுங்கள். மாஸ்டர்ஸ் விண்ணப்பம் மறுபடி ஜூன் 1 அன்று திறக்கும். பழைய விண்ணப்பம் தானாகத் தொடராது, ஒவ்வோர் ஆண்டும் புதிதாகப் போட வேண்டும்.